வியாகுலம்மாள் தோண்டிய வேர்கள்

1973-இல் திருச்சி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக்கொண்டு வியாகுலம்மாள் கொள்ளிடக்கரைக்குத் திரும்பியபோது, அப்பா அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வாய்க்கால் கரையில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. கரிச்சூளை அற்புதசாமி அவள் புருஷன் அமிர்தராஜுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்துச் சம்மதம் வாங்கி, மருதும் நாவலும் புங்கனுமாக எல்லாவற்றையும் வெட்டிச் சூளையில் அடுக்கிவிட்டான்.

அந்தக் கரையின் இரு கோடியிலும் தோப்புகள். நடுவில் இருந்த மரங்களின் கிளைவழியேதான் தேவாங்குகள் போய்வரும். இப்போது தரையில் இறங்கின. முதல் வாரமே ஒன்றை நாய் குதறிப்போட்டது. அதன் வயிற்றைக் கட்டிப்பிடித்தபடி குட்டியும் செத்துக் கிடந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று பார்த்தாள். அற்புதசாமியின் சூளைக்கு அந்தக் கரையிலிருந்து இனி ஒரு சுள்ளிகூடப் போகக்கூடாது, மரங்கள் மறுபடி வளர்ந்து கிளையோடு கிளை கூட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

வெட்டிய இடத்தில் சீமைக்கருவேல் மண்டியது. கரிக்கு அதைவிட நல்ல விறகு கிடையாது. அற்புதசாமி குத்தகை கேட்டு ஆள் அனுப்பினான். வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். வெட்டினால் தழைக்கும் என்று வேரோடு தோண்டி, அந்தக் குழியிலேயே மருதங்கன்று வைத்து, ஆட்டு எரு போட்டாள். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் கன்றைச் சுற்றி முள்ளே முளைத்தது. அற்புதசாமிதான் விதை தூவுகிறான் என்று நினைத்து அரிவாளோடு காவல் இருந்தாள்.

ஒருநாள் எருவைக் கிளறியபோது புழுக்கைக்குள்ளேயே விதை முளைவிட்டிருந்தது. அவள் ஆடுகள் கருவேலங்காயைத் தின்றுவிட்டு விதையை முழுசாகப் போட்டிருந்தன. சேதி பரவி, மாதா கோயில் வாசலில் அற்புதசாமி மறித்தான்.

"எனக்கு வெதச்சுக் குடுக்குறதுக்கு உங்களுக்குக் கூலி தரணுமேம்மா."

அந்தச் சனிக்கிழமையே எல்லா ஆட்டையும் சமயபுரம் சந்தையில் தள்ளிவிட்டாள். கூச்சலிட்ட அமிர்தராஜிடம், மரத்துக்குத் தலையாட்டியவர் ஆட்டுக்கு வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு எருவுக்குப் பதில் இலைச்சருகுதான்.

அக்கரைப் பெருமாள் கோயிலில் ராயகோபுரம் நிலை நிலையாக எழுந்த வருஷங்களில் இக்கரையில் மருதும் எழுந்தது. 1986 ஐப்பசியில், பொழுது சாயும் நேரம், தேவாங்கு ஒன்று தரையைத் தொடாமல் தோப்புக்குத் தோப்பு கடந்துபோனது.

தோண்டிய வேர்க்கட்டைகளைச் சூளைக்கு எதிரிலேயே குவித்து வைத்திருந்தாள். வேர்க்கட்டைக் கரிக்கு ஓட்டல்களில் ஏகக் கிராக்கி. அற்புதசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"கட்டைய எனக்கே குடுத்துடுங்கம்மா. நீங்க சொல்றதுதான் வெல."

"கறையானுக்குப் போட்டிருக்கேன். தின்னு மிஞ்சுனா சொல்லி அனுப்புறேன்."

அடுத்து வந்த தவக்காலத்தில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது கோபம், பொய், தவறவிட்ட பூசை எல்லாம் சொன்னாள். சூளைக்கு எதிரில் குவித்த கட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.