வர்க்கலைக்கு மட்டும் ஒரு பெயர்

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். என்னோடு வர்க்கலைக்குக் கிளம்பத் திட்டம் போட்ட நாலு பேரும் படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம்.

செம்பாறை மதில் மாதிரி நிற்கும், அதன் காலடியில் கடல் என்று சொல்லி உங்கள் ஆசையைக் கிளப்பியவனே நான்தான். எந்த ரயில், எங்கே மாறுவது என்று அலைந்து விசாரித்தவனும் நான்தான்.

இன்று காலை பெரிய மார்க்கெட் வாசலில், உங்கள் நாலு பேரில் ஒருவனான சவரிநாதன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அந்த ராஜா சீமையில கடலுக்கு எறங்குற வழி கோயில ஒட்டிப் போவுதாம். உங்க சாதி ஆளுங்கள விடமாட்டாங்களாம்டா."

"நீ போவலாமா?"

"நாங்க வேதக்காரங்க, எங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ ரெண்டு நாளைக்கு மாரின்னு சொல்லாத, அந்தோணின்னு சொல்லிக்க. என் ஜெபமாலைய தர்றேன், கழுத்துல போட்டுக்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அதிகமாகச் சுட்டது.

பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். விசேஷம் என்றால் தவறாமல் கூப்பிடுவான். அவன் வீட்டுக்காரர்கள் எனக்கு இலை போடுவது மட்டும் கொல்லைப்பக்கத்தில்.

"சரிடா. ஜெபமாலைய போட்டுக்கினு மொதல்ல உங்க வூட்டுக்கு வர்றேன். அந்தோணிக்கு எலை எங்க போடுவீங்க?" என்று கேட்டேன்.

கத்தரிக்காய் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அரை மணி நேரம் நின்றேன். திரும்பி வரவில்லை.

விடை தெரிந்தவர்கள் கீழே எழுதலாம். இடம் நிறைய விட்டிருக்கிறேன். பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். யார் தொட்டாலும் எழுதும்.