பல்லுக்குக் கம்பி, ஈறுக்கு லேசர்

மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கும் அஸ்மத்துக்கு நாற்பத்திரண்டு வயது. ஈறு நோயில் முன்பற்கள் விலகிப் போனதிலிருந்து, சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். சொந்தக்காரர் நிக்காஹ் படங்களில்கூட அவளுக்குப் பாதி முகம்தான். ஒருவழியாக ஈறைச் சுத்தம் செய்து, பல்லுக்குக் கம்பியும் போட்டாயிற்று. ஈறு வீக்கம் தணிய இன்று சிதம்பரத்தில் லேசர்.

கண்ணுக்குப் பாதுகாப்பாக டாக்டர் இசைவாணி எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். துணைக்கு வந்த கணவன் ரஃபீக், குவைத்தில் வெல்டராக இருந்தவன். கண்ணாடியை மாட்டியதுமே அவனுக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"டாக்டரம்மா, கை ஆடாம புடிங்க. ஆடுச்சுன்னா ஓட்ட விழுந்துரும்."

"மச்சான், சும்மா இருங்க!"

"கம்பி எங்கனா விட்டுருந்தா சொல்லுங்க, நானே பத்தவெச்சுத் தரேன்."

அஸ்மத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையைக் கொண்டுபோகவும் மறந்து, கம்பியெல்லாம் மின்ன, நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். லேசரைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்த டாக்டர் கடைசியில் கெஞ்சினார்.

"அம்மா, கொஞ்ச நேரம் வாய மூடிக்கிங்க. சிரிச்சு முடிச்சப்புறம் தெறந்தா போதும்."

"ஒம்போது வருஷமா மூடித்தான டாக்டர் வெச்சிருந்தேன்," என்றாள் அஸ்மத். "இன்னிக்கு முடியல."