மஞ்சள் நூல் வளையல்

ஆம்பூரில் குழந்தைகளுக்குப் பால் வழங்குவதற்காக 1931-ஆம் ஆண்டின் இறுதியில் அமைக்கப்பட்ட சங்கத்தின் பதிவேட்டில், நாற்பத்தேழாம் பக்கத்தில், அம்சவேணி என்ற வளையல்காரியின் வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு குழந்தை அந்த வீட்டில் எந்நாளும் இருந்ததில்லை. அம்சவேணிக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. மகன்கள் இருவர், இருவருக்கும் மணமாகவில்லை. பதிவேட்டை எழுதிய கோதண்டபாணி கண்ணால் காணாததை எழுதும் வழக்கம் இல்லாதவர். அந்த ஒரு வரியை மட்டும் அவர் அம்சவேணியின் வாய்ச்சொல்லை நம்பி எழுதினார். அவள் சொன்னது பொய்.

அம்சவேணி குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரில் 1886-இல் பிறந்தாள். பதினான்கு வயதில் ஆம்பூர் ஜம்புலிங்கத்தை மணந்து, அவனுடைய குடும்பத் தொழிலான வளையல் விற்பனைக்குள் வந்தாள். ஜம்புலிங்கம் சந்தைகளுக்குப் போனான். தெருக்கள் அம்சவேணியின் பங்கு. அதற்குக் காரணம் உண்டு. தோல் வியாபாரிகளின் வீடுகளில் கோஷா முறை கண்டிப்பாக இருந்தது. அயலான் ஒருவன் நடை தாண்டி உள்ளே போக இயலாது. வளையல்காரி போகலாம். தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை சுமக்கும் பெண்களின் குடிசைகளுக்கும் அவளே போனாள். ஆக, ஊரின் இரு கோடிகளிலும் உள்ள வீடுகளின் அடுப்படி வரை சென்று, அங்குள்ள பெண்களின் கைகளையும் குழந்தைகளின் கைகளையும் பிடித்துப் பார்க்கும் உரிமை அவள் ஒருத்திக்கே இருந்தது.

குழந்தை வளையல்களை அவள் ஐந்து அளவுகளாகப் பிரித்து, ஐந்து நிற நூல்களில் கோத்து வைத்திருந்தாள். வெள்ளை நூல் கைக்குழந்தைக்கு. அதற்கு அடுத்தது மஞ்சள். பிறகு சிவப்பு, பச்சை, கறுப்பு. கையைத் தொட்டதுமே எந்த நூல் என்று விரல்களுக்குத் தெரிந்துவிடும். மணிக்கட்டில் தளராமலும் இறுகாமலும் நிற்கும்படி வளையல் இடுவதில் அவளுக்குப் பெருமை இருந்தது. “அம்சா போட்டா தைச்ச மாதிரி இருக்கும்” என்று பெண்கள் சொல்வார்கள்.

அந்தப் பெருமை 1918-இல் உடைந்தது. அவ்வாண்டு மழை பொய்த்தது; விலைவாசி ஏறியது; விஷக்காய்ச்சலும் வந்தது. பட்டை சுமக்கும் சந்திரா என்பவளின் மூன்று வயது மகளுக்கு அம்சவேணி ஆடியில் சிவப்பு நூல் வளையல் இட்டிருந்தாள். ஐப்பசியில் அது முழங்கைக்கு மேல் ஏறியது. சந்திரா அதைக் காட்டி, “லொடலொடன்னு கெடக்குது, அளவா ஒண்ணு போடுக்கா” என்றாள். அம்சவேணி மஞ்சள் நூலிலிருந்து ஒன்றை எடுத்து இட்டாள். அழகாக நின்றது. மார்கழியில் அதுவும் ஏற, வெள்ளை நூலிலிருந்து ஒன்றை இட்டாள். அதுவும் அழகாக நின்றது. தாய் மகிழ்ந்தாள்.

தை மாதத்தில் குழந்தை இறந்தது. வளையலைக் கழற்ற அம்சவேணியைத்தான் அழைத்தார்கள். அவள் உடைக்கவோ அழுத்தவோ வேண்டியிருக்கவில்லை. கையைத் தூக்கியதும் வளையல் நழுவி அவள் மடியில் விழுந்தது.

கண்முன்னே மெலிந்த ஒரு கையை, ஒவ்வொரு முறையும் அதற்கேற்ற வளையலைத் தேடி இட்டு, மெலியாத கைபோலத் தாய்க்குக் காட்டியவள் தானே என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. அன்று முதல் ஒரு விதியை வைத்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒருமுறை இட்ட நூலுக்குக் கீழே இறங்குவதில்லை. கேட்ட தாய்மார்கள் திட்டினார்கள். சிலர் வேறு வளையல்காரியைத் தேடிக்கொண்டார்கள்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்த விதி அவளை ஹயாத் பாஷாவின் வீட்டில் கொண்டு நிறுத்தியது.

ஹயாத் பாஷா தோல் வியாபாரி. 1930-இல் சீமையில் விலை வீழ்ந்தபோது அவருடைய சரக்கு சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் வாங்குவாரின்றித் தேங்கியது. மறு ஆண்டு அவர் சென்னையிலேயே தங்கி, மீண்டும் கடனுக்குத் தோல் தரக்கூடியவர்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஆம்பூரில் அவர் மனைவி முனவ்வர் பேகமும் இரண்டு வயது மகள் ஜஹீதாவும் இருந்தார்கள். ஓட்டு வீடு, தேக்குக் கதவு, வரிசை குலையாத பித்தளை அண்டாக்கள் யாவும் முன்போலவே இருந்தன. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வீட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் தெருவுக்கு வரும்.

1932 ஜனவரியில், ரமலான் பண்டிகைக்கு வளையல் இட அம்சவேணி அங்கே சென்றாள். முனவ்வர் பேகம் குழந்தையின் கையை நீட்டினாள். முந்தைய ஆண்டு இட்ட மஞ்சள் நூல் வளையல் தோள் வரை ஏறியிருந்தது.

“இன்னா வளையல்காரம்மா, போன வருசம் இன்னா அளவு குடுத்த? அக்குள் வரைக்கும் போவுது பாரு. சின்னதா குடு.”

“சின்னது இல்ல பீபிம்மா.”

“இல்லியா? அதோ வெள்ள நூல்ல தொங்குதே, அது இன்னா?”

“அது கைக்கொழந்தைக்கு. பாப்பாக்கு ரெண்டு வயசு. செவப்பு நூலு போட வேண்டிய கை.”

“எம் பொண்ணுக்கு எது போடணும்னு நீ சொல்றியா? ஹயாத் பாஷா வீட்டுக்கு வளையல் போட மாட்டேன்னுட்டேன்னு தெருவுல போயி சொல்லு. சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். வளையலு அளவு ஏறணும் பீபிம்மா. எறக்கிப் போட மாட்டேன். ஒருதரம் போட்டேன், போதும்.”

முனவ்வர் பேகம் எழுந்து கதவைக் காட்டினாள். அம்சவேணி கூடையைக் கட்டினாள். ஆனால் போகும் வழி அடுப்படியை ஒட்டியது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் கொதித்தது. பக்கத்தில் வாணலியில், தெருவுக்கு வாசம் போக, பாதி வெங்காயம். அன்று வெள்ளிக்கிழமை.

அவள் நின்றதை முனவ்வர் பேகம் பார்த்துவிட்டாள்.

“பால் வாங்கறத நிறுத்தி ஆறு மாசம் ஆவுது” என்றாள் முனவ்வர் பேகம். “கஞ்சிதான் குடிக்கிறா. அதுவும் கம்மியாத்தான் குடிக்கிறா.”

“சங்கத்துல பால் குடுக்கறாங்களே.”

“நாங்க அங்க போயி வாங்க முடியாது; கோஷா வீடுன்னா பால்காரன் மணி அடிச்சிக்கினு வாசல்லயே வந்து நிப்பான். எங்க வீட்டுக்காரரு மெட்ராஸ்ல நாலு பேரு கிட்ட கடனுக்குத் தோல் கேட்டுக்கினு இருக்காரு. ஹயாத் பாஷா வீட்டுல தர்மப் பால் குடிக்கிறாங்கன்னு காதுல வுழுந்தா எவன் குடுப்பான்?”

இந்த அச்சம் வீண் அச்சமன்று. அந்த வியாபாரத்தில் ஒருவருடைய வீட்டு வாசலின் தோற்றமே அவருக்குப் பிணை. மேலும், அவள் கேட்டிருந்தாலும் பால் கிடைத்திருக்காது. சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி இட்டது: கூரைக்கு, சுவருக்கு, பித்தளைக்கு, மாட்டுக்கு, நகைக்கு. நான்கு புள்ளிக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பால் இல்லை. உள்ளே போக இயலாத கோஷா வீடுகளுக்குக் கோதண்டபாணி தெருவில் நின்றபடியே புள்ளி இட்டார். ஹயாத் பாஷாவின் வீட்டுக்கு ஒன்பது.

மறுநாள் காலை அம்சவேணி கோதண்டபாணியிடம் சென்று, பேத்தி தன்னிடம் வளர்கிறாள் என்றாள். ஓலைக் கூரை, மண் சுவர், ஒரே ஒரு பித்தளைச் செம்பு: இரண்டு புள்ளி. பேர் என்ன என்று அவர் கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னாள். பதிவேட்டில் அது ‘ரத்தினம்’ என்று இருக்கிறது.

அன்று முதல் தினமும் சங்கத்தில் அவள் வாங்கிய ஓர் ஆழாக்குப் பால், மூடிபோட்ட அந்தச் செம்பில், வளையல் கூடைக்குள், துணிக்கு அடியில், ஓட்டு வீட்டுக்குப் போயிற்று. வளையல்காரி தினமும் ஒரே வீட்டுக்குப் போவதைக் கண்ட எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, “பாஷா வீட்டம்மாவுக்கு எத்தன கை?” என்று கேட்டாளாம். இரண்டு மாதங்களில் ஜஹீதாவின் வளையல் அக்குளிலிருந்து முழங்கைக்கு இறங்கியது.

பங்குனியில் கோதண்டபாணி பட்டியலில் உள்ள குழந்தைகளை வீடு வீடாகப் பார்க்கக் கிளம்பினார். அவர் வந்தபோது அம்சவேணி வீட்டில் இல்லை. ஜம்புலிங்கம் வளையல் கோத்துக்கொண்டிருந்தான்.

“உம் பேத்தி எங்கப்பா?”

“பேத்தியா? பையனுங்களுக்குக் கல்யாணமே ஆவல சாமி. அதுக்குள்ள பேத்தியா? ஒங்க வாய்முகூர்த்தம் பலிக்கட்டும்.”

மாலையில், கணவன் சொல்லக் கேட்ட அம்சவேணி தானாகவே சங்கத்துக்குச் சென்றாள். கோதண்டபாணி பதிவேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

“இன்னாம்மா இது? இத்தன நாளு யாரு குடிச்சாங்க? ஒம் புருசனா?”

“கொழந்ததான் குடிச்சுது சாமி. ஆண்டவன் மேல சத்தியமா.”

“எந்த வீட்டுக் கொழந்த?”

“அத சொல்ல மாட்டேன்.”

“ஏம்மா, பேர் இல்லாத வீட்டுக்கு எப்படிப் பால் ஊத்தறது? நாளைக்கு இன்னொருத்தி வந்து இதே மாதிரி சொல்லுவா. அப்புறம் பட்டியல் எதுக்கு, நா எதுக்கு?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ரத்தினத்தின் பெயர் மேல் அவர் கோடிட்டார். அந்தக் கோடு அளவுகோல் வைத்து இழுக்கப்பட்டது.

முனவ்வர் பேகத்திடம் அவள் நடந்ததைச் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். முனவ்வர் பேகம் தலையசைத்தாள். பால் நின்றது. ஒன்பது நாள் நின்றது. ஐந்தாம் நாள் குழந்தைக்குப் பேதி கண்டது. ஒன்பதாம் நாள் அம்சவேணி போனபோது, வளையல் மீண்டும் அக்குளில் இருந்தது. முனவ்வர் பேகம் அதைத் தானே கழற்றி அவள் கையில் வைத்தாள்.

“இத அந்த ஐயா கிட்ட காட்டு. எங்க பேரு சொல்லு.”

“பீபிம்மா, அவரு மெட்ராஸ்ல...”

“அவருக்கு நா எழுதிக்கிறேன். நீ சொல்லு. கூடைக்குள்ள வேணாம். மணி அடிச்சிக்கினு வாசல்லயே வரட்டும்.”

கோதண்டபாணி பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “ஓட்டு வீடும்மா! தேக்குக் கதவு. ஒம்போது புள்ளி.”

“பாப்பா ஓட்டயா கடிச்சித் திங்கும் சாமி?” என்றாள் அம்சவேணி. மஞ்சள் நூல் வளையலை மேசைமேல் வைத்தாள். “இது ஒரு வயசுல போட்டது. இப்ப ரெண்டு வயசு தாண்டிடுச்சி. அக்குள் வரைக்கும் ஏறுது. ஒங்க பட்டியல்ல பால் வாங்கற கொழந்தைங்க கையில மாட்டிப் பாருங்க. கைமுட்டி தாண்டுதான்னு பாருங்க.”

அவர் சோதிக்காமல் எதையும் ஏற்பவர் அல்லர். மறுநாள் காலை, பால் வாங்க வந்த இரண்டு வயதுக் குழந்தைகள் பதினெட்டுப் பேரின் கைகளில் அந்த வளையலை அம்சவேணியைக் கொண்டு இட்டுப் பார்த்தார். பதினொரு பேருக்கு அது முழங்கையைத் தாண்டவில்லை. அந்த எண்ணிக்கை பதிவேட்டின் ஓரத்தில் இருக்கிறது. அதன் கீழே புது வரி: ‘ஹயாத் பாஷா. ஓடு. புள்ளி ஒன்பது. பெண் குழந்தை ஒன்று. கை அளவு பார்த்துச் சேர்க்கப்பட்டது.’ அவ்வரியின் பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் சங்கத்தாரின் முடிவு: ‘இம்முறை மட்டும்.’

பால்காரர் மணி அடித்துக்கொண்டு தேக்குக் கதவின் முன் வந்து நின்றார். தெரு பார்த்தது. சில வாரங்களில் ஹயாத் பாஷா தோல் கிடைக்காமலே ஊர் திரும்பினார். இன்னொருவருடைய தோல் ஷாப்பில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தார். கடன் மறுக்கப்பட்டது அந்த மணியோசையாலா, வீழ்ந்த சந்தையாலா என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. ஓசையால்தான் என்று அவர் சில காலம் நம்பினார் என்றும், மனைவியோடு பேசாமல் இருந்தார் என்றும் அம்சவேணி சொல்லியிருக்கிறாள்.

மறு ஆண்டு ரமலான் பண்டிகைக்கு அவள் கூடையோடு போனாள். பால் தொடங்கிய பின் ஜஹீதாவின் கையில் திரும்பவும் இட்ட அதே மஞ்சள் நூல் வளையல் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது. சோப்பு நீர் தடவியும், விரல்களை மடக்கியும் பார்த்தாள்; கழலவில்லை. குழந்தை கத்தியது. பண்டிகை நாளும் அதுவுமாகக் கண்ணாடி வளையலை உடைப்பதா என்று அம்சவேணி தயங்கினாள்.

முனவ்வர் பேகம் ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து குழந்தையின் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒடை” என்றாள்.

அம்சவேணி உடைத்தாள். பிறகு சிவப்பு நூலை அவிழ்த்தாள்.