வெள்ளிக்கிழமை மேட்னியும் அக்காவின் கண்ணும்

ஆவாரம்பட்டை வாசனை... அதோடு சுண்ணாம்பு, வியர்வை, மல்லிகைப்பூ. ஆம்பூர் தகரக் கொட்டகையில் வெள்ளிக்கிழமை மேட்னி என்றால் இப்படித்தான் மணக்கும். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அன்றைக்குத்தான் லீவு. என்னதான் தேய்த்துக் குளித்தாலும் பட்டை வாசனை ஆளை விடாது, சினிமாவுக்கும் கூடவே வந்துவிடும்.

ஐம்பதுகளின் கடைசியில் அங்கே பார்த்த ஒரு மாயாஜாலப் படத்தை, நேற்று வேலூரில் அக்கா வீட்டில் டேப்லெட்டில் மறுபடி பார்த்தேன். பறக்கும் குதிரை, மந்திரவாதி, மூச்சுவிட்டால் ஒரு பாட்டு...

அப்போது வாயைப் பிளந்து பார்த்தது. இப்போது பார்த்தால் அரண்மனைக்கும் குகைக்கும் ஒரே தூண்! பூதத்தைக் கொல்பவனுக்கு என் பெண் என்று ராஜா பாட்டுக்கு அறிவிக்கிறார். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கிறாரா? இல்லை. அவளும் மூன்று மணி நேரம் பாடிக்கொண்டே இருக்கிறாள்.

மந்திரவாதியிடம் ஒரு மாயக்கண்ணாடி. இளவரசி தோட்டத்தில் இருந்தாலும் சரி, தூங்கினாலும் சரி, அவளுக்குத் தெரியாமல் அதில் பார்ப்பான். அந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டேன். பழைய சந்தேகம் ஒன்று கிளம்பிவிட்டது.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. அப்போது எனக்கு ஒன்பது வயது, சரோஜா அக்காவுக்குப் பதினேழு. அப்பா தோல் ஷாப்பில் குமாஸ்தா, சினிமா என்றாலே எரிந்து விழுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று, "எல்லாரும் கெளம்புங்க, மேட்னி போலாம்" என்றால்?

அந்த வாரம்தான் வேலூரில் டீச்சர் ட்ரெயினிங்குக்கு அக்காவுக்கு இடம் கிடைத்து லெட்டர் வந்திருந்தது. "பாக்கலாம்" என்று சொல்லி அப்பா அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டார். அக்கா அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் சினிமாவா? அதுவும் தரை டிக்கெட் இல்லை, பெஞ்ச் டிக்கெட்! அக்காவுக்குப் புதுப் புடவை வேறு.

பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு அம்மா. குடியாத்தத்துக்காரராம். படம் ஓடினாலும் அவர் பார்வை திரையில் இல்லை. நான் நாலு தடவை திரும்பிப் பார்த்தேன், நாலு தடவையும் அக்காவின் முதுகில்தான் இருந்தது.

இடைவேளை. லைட் போட்டார்கள். அந்த அம்மா என் கையில் ஒரு முறுக்கைத் திணித்தார்.

"பாப்பா, உங்க அக்காவை இந்தப் பாட்டு புஸ்தகத்தைக் கொஞ்சம் படிக்கச் சொல்லேன், கேக்கலாம்."

நான் புத்தகத்தை அக்காவிடம் நீட்டிச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தாள், முறுக்கைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஒரு வரி முடிப்பதற்குள் மூன்று தடவை கண்ணைக் கசக்கினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசியில் நூல் கோக்க எங்கள் தெருவே அவளிடம்தான் வரும்!

பத்து நாளில் குடியாத்தத்திலிருந்து சேதி வந்தது. "பொண்ணுக்குப் பார்வை கம்மியாம்." அப்போதுதான் அது பெண் பார்த்த சினிமா என்று எனக்கே புரிந்தது. அப்பா பதறிப்போய் அக்காவை வேலூருக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார், நானும் தொற்றிக்கொண்டேன். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் காலண்டருக்குப் பின்னாலிருந்து லெட்டரை எடுத்து நீட்டினார்.

"போய்ப் படிம்மா. கண்ணுக்கு ஏதாச்சும்னா டாக்டரும் அங்கயே இருக்காரு."

அக்கா டீச்சர் ஆனாள், கூட வேலை பார்த்த வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள், ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டயர் ஆனாள்.

நேற்றுதான் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு வேணும்னேதான அப்பிடிப் படிச்ச?"

"இன்னாடி, இத்தினி வருஷம் கழிச்சு!" என்று சிரித்தாள். நிறுத்தி வைத்திருந்த மந்திரவாதியைக் காட்டினாள். "கொட்டாய்ல எல்லாரும் ஒளிஞ்சு பாக்கறான்னு இவனைத் திட்டுனீங்க. நீதான் ஜாஸ்தி கத்துன. அந்தம்மா குடுத்த முறுக்கு அப்பவும் உன் கையிலதான் இருந்துச்சு."

அப்பாவைச் சந்தேகப்பட்டேன், டிக்கெட்டை, புடவையைச் சந்தேகப்பட்டேன். முறுக்கை மட்டும் முழுதாகத் தின்று முடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"சாரிக்கா..."

"அத்த வுடு. முதல்லேர்ந்து போடு. முதுகுல ஒருத்தங்க பார்வை குத்திக்கினே இருந்தா, நான் எங்க படம் பாத்தேன்?"

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் ஷூ கம்பெனி குடோன். ஷாப்பு ஆட்களோடு சேர்ந்து கத்தி ரசித்த படத்தை, ஃபேனுக்கு அடியில் இரண்டு கிழவிகள் பார்க்கிறோம். ஆனால் அக்காவுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான். காலை நீட்டி, நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

குதிரை பறந்தது. அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏண்டி, வயித்துக்குக் கீழ கயிறு தெரியுது பாரு!"

எனக்குத் தெரியவில்லை. நிறுத்தி, பெரிதாக்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன்...

கயிறு இருந்தது.