டேம்பரை மூடிய நாட்கள்

1. எடை போடும் இடம்

எழுபதுகளில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஸ்டவ்காரனாக இருந்தேன். விறகு எரித்து டிரையருக்குச் சூடான காற்று அனுப்புவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆன ஒரு மழைக்காலத்தில் கொழுந்து எடை போடும் இடத்தில் முத்தம்மாள் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்.

"இளைப்பு முத்திப்போச்சு. மூணு மாசம் பாக்குறேன். தேறலன்னா பேரை வெட்டிருவாங்க."

பேரை வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அவளுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். எல்லாரும் உச்சுக்கொட்டினோம். உச்சுக்கொட்ட என்ன செலவு?

2. அவள் கேட்டது

அவள் வீடு ஃபேக்டரிக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்தது. மறுநாள் பார்க்கப் போனேன். பின்பக்க ஜன்னல் கட்டை கரியேறிக் கிடந்தது.

"அண்ணே, கொழுந்து நெறைய வாற மாசத்துல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "கொழுந்து கொறைஞ்சா பொகை வந்து வீட்டுக்குள்ள படுத்துக்கிடுது. நீங்க அங்க என்னதான் செய்றீங்க?"

என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொழுந்து குறைவான நாளில் டிரையர் சில மணி நேரம்தான் ஓடும். மீதி நேரம் ஸ்டவ்வை அணைத்துவிட்டால் திரும்ப மூட்டுவது பெரும்பாடு. அதனால் ஈரமான கிராண்டிஸ் யூகலிப்டஸ் கட்டைகளைத் திணித்து, காற்று வழித் தகடான டேம்பரை மூடிக் காற்றைக் குறைத்துவிடுவோம். இதற்குத் 'தூங்கப் போடுவது' என்று பேர். தீ எரியாது, அணையவும் செய்யாது, நாள் முழுக்கப் புகையும். மழையில் அந்தப் புகை மேலே போகாமல் பள்ளத்தில் இறங்கும். தேயிலையில் புகை வாடை ஏறாமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். வெளியே போகிற புகையைப் பற்றி நினைத்ததே இல்லை. அன்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

3. டீமேக்கரிடம்

இனிமேல் தூங்கப் போடமாட்டேன், காய்ந்த விறகில் சின்னத் தீயாக மூட்டுவேன் என்று டீமேக்கரிடம் சொன்னேன். ஃபேக்டரிக்குள் அவர் சொன்னதுதான் சட்டம்.

"தூள் ரெடியாகி நிக்கும்போது உன் ஸ்டவ் சூடாகலன்னா புளிச்சுப்போகும். அப்ப தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லுதேன் சார். அப்படி ஆச்சுன்னா என்னை வேலையை விட்டு நிப்பாட்டிருங்க."

கட்டைகளைக் கை கனத்துக்குப் பிளந்து, ஸ்டவ்வின் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி அடுக்கிக் காயவைத்தேன். கொழுந்து ரோலரில் அரைபடப் போகும்போதே டேம்பரை முழுசாகத் திறந்து மூட்டினேன். முதல் நாள் சூடு ஏறத் தாமதமாகி டீமேக்கரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த நாள் முன்னாலேயே மூட்டினேன். விறகு பிளந்து உள்ளங்கை உரிந்துபோனது. துணி சுற்றிக்கொண்டு பிளந்தேன்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் துரை ஜீப்பை நிறுத்திவிட்டு நேராக ஸ்டவ்வுக்கு வந்தார். "என்னப்பா, சிம்னில புகையே காணோம். தீ அணைஞ்சு போச்சா?"

ஸ்டவ் கதவைத் திறந்து காட்டினேன். தீ மஞ்சளாக நின்று எரிந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தார், டீமேக்கரைப் பார்த்தார். "தூள் சரியா இருக்கா?" டீமேக்கர் தலையாட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னை யாரும் தடுக்கவில்லை.

4. மூன்று மாதம் கழித்து

கம்பவுண்டர் மறுபடி குழாய் வைத்தார். "கொறைஞ்சிருக்கு. மேட்டுக்காடு வேண்டாம், கீழ்க்காட்டுல கொழுந்து எடுக்கட்டும்" என்றார். பேர் தப்பியது, வீடும் தப்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிற ஆளிடமெல்லாம் புகையை நிறுத்தியது நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் கூடையோடு போன முத்தம்மாள் நின்றாள். பழைய மூச்சு அவளுக்குத் திரும்பவில்லை, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தித்தான் பேசுவாள்.

"பொகைய நிப்பாட்டுனதச் சொல்லுங்கண்ணே. அஞ்சு வருசம் போட்டதையும் சேத்துச் சொல்லுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு நடந்தாள்.

அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். ஸ்டவ் வேலைக்கு வருகிறவர்கள் தெர்மாமீட்டரைப் பார்க்கும் முன் வெளியே போய், புகை யார் வீட்டில் இறங்குகிறது என்று பாருங்கள். அந்த லயம் என் ஸ்டவ்விலிருந்து நூறடி. ஐந்து வருடம் நான் போய்ப் பார்க்கவில்லை.