யாரும் தொடாத முளை

ஒரு பெண்ணின் ஆராய்ச்சிப் படிப்பை நான் கெடுத்தேன். தவறு என்னுடையது. அது அவள் தலையில் விழுந்தபோது பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளைப் பற்றி ஒருவர் நேராகக் கேட்டபோதும் உண்மையைச் சொல்லவில்லை. வேறு காரணங்களைச் சொல்லி இதைச் சிறியதாக்கிக்கொள்ள பல வருடங்கள் முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

நான் தொல்லியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மயிலாப்பூர்க்காரன். எங்கள் துறையில் பணம் கிடையாது. எம்.ஏ. முடிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வங்கித் தேர்வுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் அரசு வேலைக்குக் காத்திருப்பார்கள். மேலே ஆராய்ச்சி செய்ய நினைப்பவருக்கு யாராவது உதவித்தொகை தர வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. வயது வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட நின்று குழி தோண்டிய ஆசிரியரின் பேச்சு வேண்டும். மதிப்பெண்ணை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. இந்தப் பிள்ளை எழுதிவைத்த அளவை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

அவள் தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள். தெற்கத்திக் குடும்பம். பணத்துக்குக் குறைவில்லை, ஆனால் இந்தப் படிப்புக்கென்று அவர் கையிலிருந்து பணம் வராது. ஒருநாள் அவரே துறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மேஜையில் உலர வைத்திருந்த பானை ஓடுகளைப் பார்த்துச் சிரித்தார்.

"சார்வாள், தப்பா நெனைக்கப்படாது. நான் முழுப் பானை விக்கேன், பத்து ரூவா லாபத்துக்கு மல்லுக்கட்டுதேன். நீங்க ஒடஞ்ச பானைய பொறுக்கதுக்கு எம்புள்ளைய வெயில்ல நிறுத்துதியளே?"

அவள் பின்னால் நின்றுகொண்டு, "அப்பா, சும்மா இருங்கப்பா," என்றாள்.

"நீ சும்மா இரு. சார்வாள், ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். குழி தோண்டப் போகதுக்கு நான் சல்லிக்காசு தரமாட்டேன். அவுக செலவுல கூப்பிட்டாகன்னா போகட்டும். இல்லன்னா கடையில வந்து உக்காரட்டும்."

அவர் வேடிக்கையாகத்தான் பேசினார். ஆனால் அது தீர்ப்பு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி, இல்லையென்றால் கடை.

அந்தக் கோடையில் நகரத்துக்கு வெளியே ஓர் ஆற்றங்கரையில் எங்கள் துறை அகழாய்வு செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குழியின் மூலையிலும் ஓர் இரும்பு முளை அடித்திருப்போம். அதன் தலையில் நூலைக் கட்டி, மட்டம் பார்த்து, அங்கிருந்துதான் ஆழத்தை அளப்போம். ஓடு கிடைத்தாலும் மணி கிடைத்தாலும் அது எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதை அந்த முளைதான் சொல்லும். ஆழம் மாறினால் காலம் மாறிவிடும். அதனால் முளையை யாரும் தொடக்கூடாது. முதல் நாளே மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவேன். ஒரு பையன் அதன்மேல் துண்டைக் காயப்போட்டதற்கு அவனை அன்று முழுக்க மண் சலிக்க வைத்திருக்கிறேன்.

அந்த முளையைத் தட்டியவன் நான்தான். ஒரு பத்திரிகைக்காரரோடு செல்பேசியில் பேசிக்கொண்டே பின்னால் நடந்தேன். கால் இடறியது. முளை பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. மாணவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் செய்திருக்க வேண்டியது எளிது: எல்லோரையும் கூப்பிட்டு, முளை நகர்ந்துவிட்டது என்று சொல்லி, மட்டக் கருவியை வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டும். அரை நாள் வேலை போகும், அவ்வளவுதான். ஆனால் துண்டு காயப்போட்ட பையனின் முகம் நினைவுக்கு வந்தது. கல்லை எடுத்து, பழைய ஓட்டையிலேயே வைத்து, கண் மதிப்பில் அடித்தேன். முன்பிருந்ததைவிட நாலு விரற்கடை உயரமாக நின்றுவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை.

டீ குடித்துவிட்டு வந்தவள் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், முளைய யாராவது தொட்டாங்களா?"

"இல்லம்மா. யாரும் தொடல. நீ அள."

அவள் அளந்தாள். அந்தக் குழியின் பொறுப்பு அவளுடையது. அன்றிலிருந்து பருவம் முடியும்வரை அந்த முளையிலிருந்துதான் அளந்தாள். எழுத்துக் கீறிய ஓர் ஓடும் அந்த நாட்களில்தான் கிடைத்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டேன்.

பின்னர் எங்கள் கண்டுபிடிப்புகளைச் சரிபார்க்க வெளியிலிருந்து நிபுணர்கள் எங்கள் துறைக் கூடத்துக்கு வந்தார்கள். அவள் குழிக்கும் பக்கத்துக் குழிக்கும் பொதுவாக ஒரு பழைய களிமண் தரை ஓடியது. பக்கத்துக் குழியில் அது ஓர் ஆழத்தில் இருந்தது. அவள் குழியில் அதைவிடக் கீழே இருந்தது. எழுத்துள்ள ஓடு தரைக்குமேல் கிடைத்ததாகப் படம் சொன்னது. அளவோ, பக்கத்துக் குழியின் தரை மட்டத்துக்குக் கீழே என்றது. பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை அளந்தது யார்?" என்று கேட்டார்.

"பசங்க அளந்தது," என்றேன்.

எந்தப் பசங்க என்று அவர் கேட்கவில்லை. தாளின் அடியில் அவள் கையெழுத்து இருந்தது. கூடத்தின் கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது புரிந்ததா என்று தெரியாது. எழுந்து நின்று, "சார், அன்னைக்கே நான் உங்ககிட்ட கேட்டேன்," என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பரிந்துரை அவளுக்குத் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. நாலு விரற்கடையைப் பையன்கள் ஒரு ஜாணாக்கிவிட்டார்கள். தாழ்வாரத்தில் அவள் வரும்போது, "டேய் மச்சி, ஜாண் அக்கா வர்றாங்க, டேப்ப மறைச்சுக்கோ," என்று ஒருவன் சொல்வது என் அறைக்குள் கேட்டது. அவள் திரும்பி, "ஆமாடா, உன் மூளையை அளக்கத்தான் தேடுறேன், விரல்கடை கூட வரமாட்டேங்குது," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். படிப்புக் கட்டணம், தங்கும் செலவு, களப்பணிச் செலவு எல்லாம் அவர்களே தருவார்கள். இரண்டே பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கட்டம்வரை வந்துவிட்டாள். அங்கிருந்த பேராசிரியை வீடியோ அழைப்பில் என்னிடம் பேசினார். நல்ல மனுஷி. கேட்ட கேள்வி ஒன்றுதான்: களத்தில் இவளைத் தனியாக விடலாமா?

"மிகவும் கடினமாக உழைக்கக்கூடியவள். பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டால் நன்றாகச் செய்வாள்," என்றேன்.

வெளியாருக்கு இது பாராட்டுபோலத் தோன்றும். எங்கள் துறையில் இதற்கு ஒரே பொருள்தான். அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டு நன்றி சொன்னார். விடலாம் என்று நான் சொல்லியிருந்தால், பிறகு ஏன் அளவு மாறியது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்னா, யாரைப் பத்திப் பேசிண்டிருந்தேள்? அந்தப் பாத்திரக் கடைப் பொண்ணா? ரொம்பக் கெட்டிக்காரின்னு சொல்வேளே?"

"கெட்டிக்காரிதான்," என்றேன்.

இடம் இன்னொருவருக்குப் போயிற்று. இங்கே உள்ள உதவித்தொகைகளுக்கும் அவள் முயன்றாள். நேர்முகத் தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவர்கள் எல்லாம் எங்களுக்குள் பழக்கமானவர்கள். ஜாண் கதை அவளுக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. பிறகு வயது வரம்பும் கடந்தது. அவள் கடைக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள்.

ஓய்வு பெற்றபின் ஓர் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பாத்திரம் வாங்க மனைவி என்னை தி.நகருக்கு அழைத்துப் போனாள். அது அந்தப் பெண்ணின் கடை என்று மனைவிக்கு நினைவில்லை, எனக்கு இருந்தது. ஆனாலும் சொல்லாமல் கூடவே ஏறினேன். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில், பாத்திரங்களில் பெயர் வெட்டும் மெஷினை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"வாங்க சார். வாங்கம்மா." குரலில் ஒன்றும் இல்லை. "என்ன பேர் வெட்டணும்? தாள்ல எழுதிக் குடுத்துருங்க. தப்பா வெட்டிட்டா அழிக்க முடியாது."

மனைவி எழுதிக் கொடுத்தாள். அதை வாங்கி அவள் தூக்குவாளியின் விளிம்பில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அதன்மேல் வெட்டினாள். ஓடுகளில் எண் எழுதும்போதும் அப்படித்தான் கோடு போடுவாள். நான் வெளியே வந்து படிக்கட்டில் நின்றுகொண்டேன்.

அந்த வாரமே அந்தப் பேராசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினேன். முளை முதல் வீடியோ அழைப்பு வரை எதையும் மறைக்கவில்லை. மரியாதையாகப் பதில் எழுதினார். அவள் புதிதாக விண்ணப்பிக்கலாம். இத்தனை வருட இடைவெளிக்குப் பின் கடினம்தான். ஆனால் களப்பணியைப் பற்றிப் பரிந்துரைக்க வேறொருவர் வேண்டும், உங்கள் வார்த்தையை இனி எங்களால் எடுத்துக்கொள்ள இயலாது என்றார். அவளோடு குழியில் நின்ற ஆசிரியர் நான் ஒருவன்தான். நான் உண்மையைச் சொன்னதில் அவளுக்கிருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.

மயிலாப்பூரில் ஓர் அரங்கில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையிலேயே சொன்னேன். கை தட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று சொல்லிச் சால்வை போர்த்தினார்கள். அதை யாரோ செல்பேசியில் பதிவு செய்து பரப்பினார்கள். மறுநாள் அவளே அழைத்தாள்.

"பாத்தேன் சார். இதுலயும் உங்களுக்குத்தான் கைதட்டு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் சார். எழுதுங்க, பேசுங்க, என் பேர் மட்டும் வரக்கூடாது. ஆனா ஒண்ணு பண்ணுங்க. எங்க அப்பாகிட்ட வந்து சொல்லுங்க. மேடையில இல்ல, கடையில. ஒரு குழிய அளக்கத் தெரியாதவன்னு சொல்லிச் சொல்லியே இன்னைக்கு வரைக்கும் கல்லாவ என்கிட்ட விட மாட்டேங்குறாரு."

போனேன். அவர் மிகவும் மூத்துவிட்டிருந்தார். காது மந்தம், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பம் எம்புள்ள சரியாத்தான் அளந்திருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம். தப்பு என்னுது."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆளை அனுப்பி எனக்குக் காபி வாங்கிவரச் சொன்னார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இப்பம் போறியா? வெளிநாட்டுக்கு? காசு நான் தாரேன். எவன் காசும் வேண்டாம்."

அவள் பதில் சொல்வதற்குள் எதிரில் நின்ற வாடிக்கையாளர், "இன்னாம்மா, இன்னும் எவ்ளோ நேரம் கீது? கீழ வண்டி நிக்கிது," என்றார். அவர் வாங்கிய அண்டா பாதி பெயரோடு அவள் மடியில் இருந்தது.

"இதோ முடிஞ்சுதுண்ணே," என்றாள் அவரிடம். பிறகு அப்பாவைப் பார்க்காமலே, "வேண்டாம்ப்பா," என்றாள்.

"ஏன்?"

"எடம் இல்லப்பா இப்ப. காசு இருந்தாலும் இல்ல. எனக்காகச் சொல்ல ஆளும் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்று அவரிடம் நான் சொன்ன உண்மைகளில் அதுதான் அவரை அழ வைத்தது. அவள் மெஷினை மறுபடி ஓடவிட்டாள். காபி வந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, குடித்தேன். வாடிக்கையாளர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனபின்பும், என்னை அங்கிருந்து போகச் சொல்வார் யாருமில்லாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.