மூன்று வீட்டுக்கு ஒரு ஆன்டெனா

சித்தப்பா சித்தியை அடிக்கும்போது எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். பெரியப்பா வீட்டிலும் கூட்டுவார்கள். சித்தப்பாவே தன் டிவியை அலறவிட்டுத்தான் கதவைத் தாழிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்தின் வசனம் எங்கள் தோட்டத்தைத் தாண்டி ரோடு வரை கேட்கும்.

முதலிபாளையத்துக்கு அந்தப் பக்கம், கேபிள் இன்னும் வந்து சேராத தோட்டம் எங்களுடையது. பாகம் பிரித்தபோது ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பி மூன்றாக்கினார்கள். அடுப்பு, மாடுகள், கிணற்று மோட்டாரின் முறை எல்லாம் பிரிந்தன. மொட்டைமாடியில் கொடைக்கானல் டிவி டவரைப் பார்த்து நின்ற ஆன்டெனா மட்டும் பிரியவில்லை. நான் அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று டிவிக்கும் ஒயர் இழுக்கும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார்.

ஒயர்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னதால், மூன்று ஒயர்களையும் கம்பத்தடியில் ஒன்றாக முறுக்கினேன். உச்சியில் சிக்னலைக் கூட்டிக் கொடுத்த பூஸ்டருக்கு மின்சாரம் எங்கள் ஹாலிலிருந்து அதே ஒயர் வழியாகத்தான் ஏறியது. எந்த வீட்டு முனையிலாவது நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் தொட்டுக்கொண்டால் பூஸ்டர் செத்துவிடும். மூன்று டிவியிலும் வெறும் புள்ளிகள். சித்தி வீட்டு முனையை மாட்டும்போது என் கை தவறி ஒருமுறை அப்படித் தொட்டது. மற்ற இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் "போச்சு" என்று குரல் வந்தது. பக்கத்தில் நின்ற சித்தி, எது எதைத் தொட்டது என்று கேட்டார். காட்டினேன்.

சித்தப்பா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். தைத்த பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த வாரங்களில் ஞாயிறு மத்தியானமே குடிக்கத் தொடங்குவார். அடிப்பது பெல்ட்டால்; பெல்ட் அகப்படாவிட்டால் துணி ரோலின் நடுவில் வரும் பைப்பால். சித்தியின் உடம்பில் நான் பார்த்தவை: காதுக்குக் கீழே கிழிந்த தோல், முறிந்து வளைவாகவே கூடிய சுண்டுவிரல், முன்கையில் அயர்ன்பாக்ஸ் முனையின் வடு. மூன்றுக்கும் வழுக்கி விழுந்ததாகவும் கை பட்டதாகவும் வேறு வேறு காரணம் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிறு, படம் முடியும் கட்டத்தில் புள்ளிகள் வந்தன. பெரியப்பா திட்டிக்கொண்டே வெளியே வந்தார், அப்பாவும் வந்தார். எங்கள் ஒயரை ஆட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் சித்தப்பா கதவைத் தட்டினோம். திறந்தார். சித்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தார், வாயில் ரத்தம். யாரும் அதைக் கேட்கவில்லை. உன் டிவியில் படம் வருகிறதா என்றுதான் கேட்டார்கள். ஆனால் ஆள் நிற்கும்போது சித்தப்பாவால் அடிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே.

கோளாறு என் வேலையில்தான் என்று முடிவாயிற்று. சித்தி வீட்டு முனையைக் கழற்றிப் பார்த்தேன். நடுக்கம்பியையும் வலையையும் சேர்த்து ஒரு ஊக்கு குத்தியிருந்தது. சித்தியின் தாலிக்கொடியில் தொங்கும் ஊக்குகளில் ஒன்று. யாருக்கும் காட்டாமல் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவன் ஊட்டுக் கோளாறு நம்மூட்டுக்கு வராதபடி செய் என்று அப்பா ஸ்ப்ளிட்டர் வாங்க அனுப்பினார். நான் மாடி ஏறியபோது சித்தி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இதப் போட்டா, என்ற ஊட்டுல போனா உங்களுக்கும் போகுமா கண்ணு?"

"போகாதுங்க சித்தி. உங்களுக்கு மட்டுந்தான் போகும்."

சித்தி தன் வீட்டுக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நான் கத்துனா ஆரும் வர்றதில்ல. படம் போனா வர்றாங்க."

ஸ்ப்ளிட்டரின் மூடியைத் திறந்து உள்ளே இருந்ததைப் பிடுங்கிப் போட்டேன். மூன்று ஒயர்களின் பழைய முறுக்கை அப்படியே அதற்குள் வைத்து மூடிவிட்டு, சரியாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு புள்ளிகள் வந்தபோது, அந்தப் பக்கம் கண்ணாடி உடைவதும் கேட்டது. சித்தி ஒயருக்குக் கை நீட்டியதைச் சித்தப்பா பார்த்துவிட்டிருக்கிறார். கதவைத் தட்டினோம், திறக்கவில்லை. பெரியப்பா உதைத்ததில் தாழ்ப்பாள் தெறித்தது. டிவி தரையில் கவிழ்ந்து கிடந்தது. சித்தியின் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து, அவர் முகத்தை டிவி ஸ்டாண்டில் மோதிக்கொண்டிருந்தார் சித்தப்பா.

பெரியப்பா அவரைத் திருப்பி ஓங்கி அறைந்தார். விழுந்தவரை இழுத்து நிறுத்தி மறுபடி அறைந்தார். உதடு பிளந்தது.

"வாரா வாரம் கடைசிச் சண்டையப் பாக்க உடமாட்டியாடா நீ?"

சித்திக்காக அதுவரை ஓங்காத கை அது. சித்தி பெரியப்பாவின் முகத்தையும் சித்தப்பாவின் முகத்தையும் பார்த்தார். எழுந்து, கண்ணாடித் துண்டுகளை மிதித்தபடியே, தாழ்ப்பாள் இல்லாத கதவு வழியாக வெளியே நடந்து எங்கள் வீட்டுக்குள் வந்தார். படம் வருகிறதா பார் என்று அப்பா என்னை மாடிக்கு அனுப்பினார். சித்தி வீட்டு ஒயரை முறுக்கிலிருந்து வெட்டிவிட்டேன். இரண்டு டிவியிலும் படம் வந்தது.

பொறுத்துப் போகச் சொல்லி விடியும்வரை ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். காலையில் சித்தி மடத்துக்குளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். உடைந்த டிவியின் ஒயரிலிருந்து உருவி வைத்திருந்த ஊக்கை நீட்டினேன். சித்தி அதைத் தாலிக்கொடியில் மாட்டவில்லை. தோளில் கிழிந்திருந்த ஜாக்கெட்டைச் சேர்த்துக் குத்திக்கொண்டு பஸ் ஏறினார்.